சண்டைக் காட்சிக்கும் ஒரு நிறம் உண்டு

பெம்பான் பட்டணத்து வீடமைப்புப் பகுதியாகட்டும், சுற்றுவட்டாரத் தோட்டப்புறமாகட்டும், பிள்ளைகள் நாலு பேர் கூடினால் ஒரு விளையாட்டு நிச்சயம். தொலைக்காட்சியில் பார்த்த வீரனைப் போல் கையை நீட்டிப் பாய்வார்கள். ஆனால் விளையாட்டு தொடங்கும் முன்பே ஒரு பங்கீடு நடந்துவிடும். யார் தலைவன், யார் வில்லன், யார் அடி வாங்கி விழுபவன் என்று அவர்களே முடிவு செய்துவிடுவார்கள். அந்தப் பங்கீட்டை அவர்களுக்குக் கற்றுக் கொடுத்தது யார்? சின்னத்திரைதான்.

சாகச வீரர் தொடர்களில் வன்முறை அதிகம் என்று பெற்றோர் கவலைப்படுவது புதிதல்ல. ஆனால் அதே சண்டைக் காட்சிகள் இனங்களைப் பற்றி என்ன சொல்லித் தருகின்றன என்பதைச் சிலரே கவனிக்கிறார்கள்.

சண்டை எப்படி உருவாகிறது?

திரையில் காணும் சண்டை ஏறக்குறைய நடனம் போன்றது. ஒவ்வோர் அடியும் எண்ணி வைக்கப்படுகிறது. ஓங்கிய கை முகத்தைத் தொடுவதே இல்லை. இடைவெளி தெரியாதபடி கேமராவை வைக்கிறார்கள். சத்தம் பிறகு சேர்க்கப்படுகிறது. உண்மையில் அடிப்பவனைவிட அடி வாங்குபவனே காட்சியைத் தூக்கி நிறுத்துகிறான். அவன் தலையைச் சரியான நேரத்தில் திருப்பாவிட்டால் கதாநாயகனின் குத்துக்கு மதிப்பில்லை.

ஆகவே யார் எத்தனை அடி அடிப்பது, யார் முதலில் விழுவது, யார் ஓடி ஒளிவது என்பதெல்லாம் முன்கூட்டியே முடிவாகின்றன. அந்த முடிவில்தான் இனமும் நுழைகிறது.

சமமாக முடிந்த ஒரு சண்டை

இதற்குப் பழைய சான்று புரூஸ் லீ. 1966-இல் அமெரிக்காவில் ‘தி கிரீன் ஹார்னெட்’ தொடர் தொடங்கியது. கதாநாயகன் வான் வில்லியம்ஸ். அவருடைய காரோட்டியும் உதவியாளருமான காட்டோவாக வந்தவர் புரூஸ் லீ. இந்தக் காட்டோ முதலில் 1936-இல் தொடங்கிய வானொலி நாடகத்தில் ஜப்பானியராக வந்தவர். பின்னர் பிலிப்பினோ ஆக்கப்பட்டார். தொலைக்காட்சியில் சீன நடிகர் அந்த வேடத்தை ஏற்றார். தயாரித்தவர்களுக்கு ஆசியர் எல்லாரும் ஒன்றுதான் போலும்!

காட்டோவுக்கு வசனம் மிகக் குறைவு. புரூஸ் லீயின் உதையோ கேமராவில் பதியாத அளவுக்கு வேகம். மெதுவாக அடிக்கும்படி அவரைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. 1967 மார்ச் மாதம் ‘பேட்மேன்’ தொடரில் இந்த இருவரும் விருந்தினராகத் தோன்றினார்கள். அதில் பேட்மேனின் துணைவன் ராபினிடம் காட்டோ தோற்பதாக எழுதப்பட்டிருந்தது. புரூஸ் லீ அதற்கு இணங்கவில்லை. இறுதியில் யாரும் தோற்காமல் சண்டை சமமாக முடிந்தது.

இது வெறும் தன்மானப் பிரச்சினை அல்ல. தற்காப்புக் கலையை உண்மையில் அறிந்தவர், இரண்டாம் நிலை வேடம் என்பதற்காகத் தோற்க வேண்டுமா என்பதே கேள்வி. தொடர் 26 அங்கங்களுடன் நின்றுபோனது. ஆனால் ஹாங்காங்கில் மக்கள் அதைக் ‘காட்டோ தொடர்’ என்றே அழைத்தார்கள். பார்வையாளர்கள் தங்கள் நாயகனைத் தாங்களே தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள்.

முகமூடியும் சாயமும்

1993-இல் வந்த ‘பவர் ரேஞ்சர்ஸ்’ தொடரை மறந்திருக்க முடியாது. அதன் பெயரில் இருந்த ‘மார்ஃபின்’ என்ற சொல் போதைப்பொருளை நினைவூட்டுகிறது என்று மலேசியாவில் சர்ச்சை எழுந்ததும் உண்டு. தொடரின் சண்டைக் காட்சிகளில் பெரும்பகுதி ஜப்பானியத் தொடரிலிருந்து எடுக்கப்பட்டவை. முகமூடிக்குள் இருந்தவர்கள் ஜப்பானியர்கள். முகமூடியைக் கழற்றினால் அமெரிக்க இளைஞர்கள்! அதிலும் கறுப்பு உடை கறுப்பின நடிகருக்கும், மஞ்சள் உடை வியட்நாமிய வம்சாவளி நடிகைக்கும் போய்ச் சேர்ந்தன. இது பல ஆண்டுகளுக்குப் பிறகும் விமர்சிக்கப்பட்டது.

முகமூடி இருந்தால் நடிகருக்குப் பதிலாக ‘டூப்’ சண்டை போடலாம். 2015-இல் வந்த ‘டேர்டெவில்’ தொடரின் நடைபாதைச் சண்டை பெரிதும் பாராட்டப்பட்டது. ஒரே ஓட்டத்தில் எடுத்தது போல் தோன்றும் அந்தக் காட்சியில், நாயகன் அறைக்குள் புகுந்து வெளிவரும் இடங்களில் நடிகரும் டூப்பும் மாறி மாறி வருவார்கள்.

2017-இல் வந்த ‘அயர்ன் ஃபிஸ்ட்’ தொடரின் நாயகனுக்கு முகமூடி இல்லை. குங்ஃபூவில் கரைகண்டவனாக வரும் அவன் வெள்ளையன். 1974-இல் வெளிவந்த சித்திரக் கதையிலேயே அவன் அப்படித்தான். ஆனாலும் காலம் மாறிவிட்டதால் ஆசிய நடிகரைப் போட்டிருக்கலாம் என்ற விவாதம் எழுந்தது. நாயகனாக நடித்த ஃபின் ஜோன்ஸ், பல சண்டைகளைப் படப்பிடிப்புக்குப் பதினைந்து நிமிடங்களுக்கு முன்புதான் கற்றுக்கொண்டதாகச் சொன்னார். அந்த அவசரம் திரையில் தெரிந்தது. நாயகன் வேடத்துக்கு முயன்ற லூயிஸ் டான் என்ற நடிகர், ஒரே அங்கத்தில் வில்லனாக வந்து பேர் வாங்கினார். பயிற்சி உள்ளவருக்குச் சிறிய வேடம், பயிற்சிக்கு நேரமே கிடைக்காதவருக்குப் பெரிய வேடம்!

டூப் கலைஞர்களின் நிலை இன்னும் மோசம். 2014-இல் ‘கோத்தம்’ தொடரில் ஒரு கறுப்பின நடிகைக்கு டூப்பாக, வெள்ளையினப் பெண்ணுக்கு முகச்சாயம் பூசத் திட்டமிட்டார்கள். செய்தி வெளியானதும் எதிர்ப்பு கிளம்பியது. தயாரிப்பு நிறுவனம் வருத்தம் தெரிவித்து, கறுப்பினக் கலைஞர் ஒருவரையே அமர்த்தியது. சாயம் பூசினால் முகம் மட்டும் மறைவதில்லை. ஒருவருடைய பிழைப்பும் போய்விடுகிறது.

சென்னைப் பேராசிரியரும் கோபாலும்

நம்மவர் நிலை என்ன? 2006-இல் வந்த ‘ஹீரோஸ்’ தொடரில் செந்தில் ராமமூர்த்தி என்ற அமெரிக்க நடிகர், சென்னையைச் சேர்ந்த மரபணுப் பேராசிரியராக வந்தார். பாத்திரத்தின் பெயர் மொஹிந்தர் சுரேஷ். மொஹிந்தர் என்பது பஞ்சாபியர் வைக்கும் பெயர்! நடிகர் பெயரில் இருந்த தமிழ், பாத்திரத்தின் பெயரில் இல்லை. மற்றவர்கள் பறந்தார்கள், மோதினார்கள். சென்னைக்காரர் ஆரம்பத்தில் ஆராய்ச்சியும் விளக்கமும் செய்துகொண்டிருந்தார். மூன்றாம் பருவத்தில்தான் அவருக்கு உடல் வலிமை வந்தது. சீனர் என்றால் குங்ஃபூ, இந்தியர் என்றால் ஆய்வுக்கூடம் என்பதும் ஓர் அச்சுதான்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2011 மார்ச் 13-இல் டிவி3-இல் தொடங்கிய ‘போபோய்போய்’ கேலிச்சித்திரத் தொடர், மலேசியா தந்த சிறந்த சாகச வீரர் படைப்புகளில் ஒன்று. மலாய்ச் சிறுவன் நாயகன். முக்காடு அணிந்த யாயா புவியீர்ப்பையே அடக்குகிறாள். சீனச் சிறுமி யிங் மின்னலாக ஓடுகிறாள். மூவினமும் ஒரே அணியில் நிற்பது பாராட்டுக்குரியது. முக்காடு அணிந்த பெண் அடித்து வீழ்த்துவதைக் காட்டியது துணிச்சலும்கூட.

நான்காமவன் கோபால், இந்தியச் சிறுவன். பருத்த உடல், பயந்த சுபாவம், தீனிப் பிரியன். அவனுடைய சக்தி, பொருள்களை உணவாக மாற்றுவது! அவன் நல்ல நண்பன்; பிள்ளைகள் விரும்பும் நகைச்சுவைப் பாத்திரம். மூலக்கூறையே மாற்றுவது சாதாரண ஆற்றலும் அல்ல. இவற்றை மறுப்பதற்கில்லை. ஆனால் ஆபத்து வரும்போது மற்றவர்கள் முன்னே பாய, பயந்து நடுங்குவது பெரும்பாலும் கோபால்தான். நேரில் எடுக்கும் தொடருக்கு ‘பயிற்சி பெற்றவர் கிடைக்கவில்லை’ என்று சாக்குச் சொல்லலாம். கேலிச்சித்திரத்தில் டூப் தேவையில்லை. வரைபவர் நினைத்தால் யாரும் முன்னே நிற்கலாம்.

ஒரு கோபாலால் குடி முழுகிப் போகாது என்று சொல்லலாம். திரையில் பத்து இந்தியர் இருந்தால் அவர்களில் ஒருவர் பயந்தாங்கொள்ளியாக இருப்பதில் தவறில்லை. இருப்பதே ஒருவர் என்னும்போது, அவரே இனத்தின் முகமாகிவிடுகிறார். அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். பிஞ்சு மனம் நகராதா?

பெற்றோர் தொலைக்காட்சியை அடைத்துவிட வேண்டியதில்லை. பிள்ளைகளோடு உட்கார்ந்து மூன்று கேள்விகள் கேட்டாலே போதும். இந்தச் சண்டையில் முதலில் அடித்தது யார்? விழுந்தது யார்? நீ எழுதியிருந்தால் எப்படி முடித்திருப்பாய்? தோட்டத்துக் கோவில் திருவிழாவில் சிலம்பம் சுழலக் கண்ட பிள்ளை, கோபால் கையில் ஒரு கம்பைக் கொடுக்கலாம். இன்னொரு பிள்ளை, அவன் பயந்தபடியே ஓரடி முன்னே வைப்பதாகச் சொல்லலாம். புரூஸ் லீ ஒரு முடிவை மாற்றக் கேட்டதும் அப்படித்தான். மாற்றலாம் என்ற எண்ணம் பிள்ளையின் மனத்தில் விழுந்துவிட்டால், மறுநாள் விளையாட்டில் அடி வாங்கி விழும் வேடத்தை அவன் பேசாமல் ஏற்றுக்கொள்ள மாட்டான்.