கைகாரன் என்பதற்கு ஆங்கிலம் என்ன?

ஊரில் ஒருவரைக் ‘கைகாரன்’ என்று சொன்னால் அது புகழ்ச்சியா இகழ்ச்சியா என்பது சொல்கிறவரின் முகத்தைப் பார்த்தால்தான் தெரியும். உடைந்த சைக்கிளை ஓட வைப்பவனும் கைகாரன், ஊரை ஏய்ப்பவனும் கைகாரன். கையாளுதல் நல்ல சொல். கையாடல் என்றால் களவு. திறமைக்கும் சூழ்ச்சிக்கும் நடுவில் எங்கள் மொழி போட்டிருக்கும் வேலி அவ்வளவு மெல்லியது.

ஆங்கிலத்திலும் இதே வேலி உண்டு. ஆனால் அந்த மொழியில் முகம் பார்த்து விளங்கிக்கொள்ளும் பழக்கம் புதிதாக வந்த எங்களுக்கு இல்லை. அகதி விசாரணையிலும், வீட்டுச் சொந்தக்காரரின் கடிதத்திலும் வேலியின் எந்தப் பக்கத்துச் சொல் வருகிறது என்று தெரியாவிட்டால் நட்டம் எங்களுக்குத்தான். ஆகவே இந்தச் சொற்களைக் கொஞ்சம் பார்ப்போம்.

‘மனூவர்’ என்ற சொல்லைச் சாரதி அனுமதிப் பத்திரத்துக்குப் படிக்கும்போது காண்பீர்கள். காரைத் திருப்புவது, பின்னுக்கு எடுப்பது, இரண்டு கார்களுக்கு நடுவில் நிறுத்துவது எல்லாம் மனூவர். அதே சொல் பத்திரிகையில் ஓர் அரசியல்வாதியின் பெயரோடு வந்தால், ஆள் காய் நகர்த்துகிறார் என்று அர்த்தம். இதன் வேர் இலத்தீனில் ‘கையால் வேலை செய்தல்’ என்பதாகும். எருவைக் குறிக்கும் ‘மன்யூர்’ என்ற சொல்லும் அதே வேரில் முளைத்ததுதான். ‘மனிப்புலேற்’ என்பதிலும் இலத்தீன் ‘கை’ இருக்கிறது. கருவியை மனிப்புலேற் செய்தால் அது கைத்திறன். மனிதரைச் செய்தால் ஆட்டிப்படைத்தல்.

‘கிராப்ட்’ என்றால் கைத்தொழில். அதன் பிள்ளையான ‘கிராப்டி’ என்றால் தந்திரக்காரன். ‘கன்னிங்’ என்ற சொல் ஒரு காலத்தில் அறிவையும் திறமையையும் குறித்தது. இன்று நரிப் புத்தியைக் குறிக்கிறது. தொழிற்சாலையில் என்னைப் போன்றவர்கள் மெசின் ஒப்பரேட்டர். அது மரியாதையான பெயர். வெளியில் ஒருவரை ‘ஸ்மூத் ஒப்பரேட்டர்’ என்றால், நைசாகப் பேசிக் காரியம் முடிப்பவர் என்று பொருள். மெசின் என்ற சொல்லுக்கும் சதியைக் குறிக்கும் ‘மெசினேஷன்’ என்ற சொல்லுக்கும் வேர் ஒன்றே. சிரிக்க வேண்டாம், தமிழிலும் அப்படித்தான். ‘பொறி’ என்றால் இயந்திரம்; எலிப்பொறி என்றால் கண்ணி. ‘சூழ்ச்சி’ என்ற சொல்லைத் திருவள்ளுவர் கூடி ஆராய்வது, ஆலோசிப்பது என்ற நல்ல பொருளிலும் ஆண்டிருக்கிறார். இன்று அந்தப் பொருளில் அதை யார் ஆளுகிறார்கள்?

வேலை செய்யும் கையின் பெயர்களும், யோசிக்கும் மூளையின் பெயர்களுமே இப்படிக் காலப்போக்கில் கெட்டுப்போயிருக்கின்றன. தனக்கு விளங்காத திறமையைத் தந்திரம் என்று நினைப்பது மனித சுபாவம் போலும்.

இன்னொரு சொல்லில் அவதானம் தேவை. இலங்கையில் ‘ஸ்கீம்’ என்றால் திட்டம். ஹவுசிங் ஸ்கீம், கல்லோயா ஸ்கீம் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். லண்டனில் உள்ள சொந்தக்காரரும் பென்ஷன் ஸ்கீம் என்பார். கனடாவில் அது ‘பென்ஷன் பிளான்’. ஓஹிப் என்று நாம் சொல்லும் வைத்தியக் காப்புறுதியின் கடைசி எழுத்தும் பிளான் என்பதைத்தான் குறிக்கிறது. இங்கே ஸ்கீம் என்றால் பெரும்பாலும் மோசடி வாடைதான் அடிக்கும். வேலைக்கான நேர்முகத்தில் “என்னிடம் ஒரு ஸ்கீம் இருக்கிறது” என்று சொல்லிவிடாதீர்கள்.

இனிப் பெரிய விஷயத்துக்கு வருவோம். 1986 ஆகஸ்ட் 11ஆம் திகதி நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த 155 தமிழரை மீனவர்கள் காப்பாற்றினார்கள். வந்தவர்கள் இந்தியாவிலிருந்து வந்ததாக முதலில் சொன்னார்கள். சில நாட்களுக்குள் மேற்கு ஜெர்மனியிலிருந்து கப்பலில் வந்தது வெளியாகிவிட்டது. கனடா அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. ஓராண்டு அனுமதி கொடுத்தது. ஆனால் அதன் பிறகு பலருடைய வாயில் அவர்கள் அகதிகள் அல்ல, தந்திரக்காரர்கள். உயிருக்குப் பயந்து ஓடியவர்களின் கதையை அந்த ஒரு பொய் மூடிவிட்டது.

இதிலே சட்டம் பிரித்துப் பார்க்கும் இரண்டு விஷயங்கள் உண்டு. தப்பி வருவது ஒன்று. வந்த பின் சொல்வது வேறு. 1951ஆம் ஆண்டின் அகதிகள் சாசனத்தில் கனடா 1969இல் சேர்ந்தது. ஆபத்திலிருந்து நேராக வந்து, தாமதியாமல் அதிகாரிகளிடம் போய், தக்க காரணம் காட்டும் அகதியை, அனுமதியின்றி நுழைந்ததற்காகத் தண்டிக்கக்கூடாது என்று அதன் 31ஆம் பிரிவு கூறுகிறது. ஓடுகிறவனுக்குச் சில நேரம் வேறு வழி இருக்காது என்பது சட்டத்துக்கும் தெரியும். ஆனால் படிவத்திலும் விசாரணையிலும் முக்கிய விஷயத்தை மாற்றிச் சொன்னால் அதற்குப் பெயர் ‘மிஸ்ரெப்ரசன்ரேஷன்’. கிடைத்த அகதிப் பாதுகாப்பைக்கூட அதன் காரணமாகப் பின்னர் நீக்க முடியும்.

ஆகவே விசாரணையில் “தந்திரமாக வந்தேன்”, “சுத்துமாத்துச் செய்து வந்தேன்” என்று நாம் ஊரில் கதைப்பது போலச் சொல்ல வேண்டாம். அந்தச் சொல்லை மொழிபெயர்ப்பாளர் வேலியின் எந்தப் பக்கம் போடுவாரோ தெரியாது. செய்ததை மட்டும் சொல்லுங்கள்: இந்தத் திகதியில், இந்த ஏஜென்ற் தந்த பாஸ்போட்டில், இந்த வழியாக வந்தேன். மொழிபெயர்ப்புப் பிழை என்று பட்டால் உடனே நிறுத்திச் சொல்லுங்கள். விசாரணை மொழி விளங்காதவருக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்பது 1982ஆம் ஆண்டின் உரிமைச் சாசனம் தரும் உரிமை. அது யாரும் போடும் பிச்சை அல்ல.

தந்திரம் ஏழைகளிடம் மட்டும் இருப்பதல்ல. பார்க்டேலில் ஜேம்சன் அவெனியூவின் அடுக்குமாடிகள் நம்மவர் பலர் வந்திறங்கிய இடம். பிற்காலத்தில் அங்கே திபெத்தியர் பலர் குடியேறினார்கள். பழைய குடியிருப்பாளர் எழும்பினால் புதியவரிடம் கூடிய வாடகை வாங்கலாம். ஆகவே கதவுக்குக் கீழே வரும் கடதாசிகளின் பெயர்களைத் தெரிந்திருங்கள். என்11 என்பது வீட்டை விடச் சம்மதிக்கும் ஒப்பந்தம். விருப்பமில்லாவிட்டால் கையெழுத்து வைக்க வேண்டியதில்லை. என்12 சொந்தக்காரரின் சொந்தக் குடியிருப்புக்கு. என்13 பெரிய திருத்த வேலைக்கு. எழும்புமுன் எழுத்தில் அறிவித்தால் திருத்தம் முடிந்த பின் திரும்பி வர உங்களுக்கு உரிமை உண்டு. இவை வெறும் அறிவித்தல்கள். வெளியேறும்படி கட்டளையிடும் அதிகாரம் வீட்டுச் சொந்தக்காரர் குடியிருப்பாளர் சபைக்கே உண்டு. பொய்க் காரணம் சொல்லி எழுப்பினால் அதற்கும் ஆங்கிலத்தில் பெயர் இருக்கிறது: ‘பாட் பெயித்’, அதாவது கபட எண்ணம். அந்தச் சொல்லை வைத்து நீங்கள் முறைப்பாடு செய்யலாம். வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக உதவ 1971 முதல் பார்க்டேல் சமூகச் சட்டச் சேவை நிலையம் இயங்குகிறது.

2017 மே மாதம் பார்க்டேலில் பல கட்டடங்களின் குடியிருப்பாளர்கள், விதித்த அளவுக்கு மேலான வாடகை உயர்வை எதிர்த்து வாடகை கொடாமல் நின்றார்கள். பல தேசத்தவர், பல மொழியினர். கூடிப் பேசி, ஒன்றாக முடிவெடுத்து, அந்த ஆகஸ்ட்டில் உயர்வைக் குறைப்பித்தார்கள். வள்ளுவர் சொன்ன பொருளில் அதுதான் சூழ்ச்சி. புதிதாக வந்த குடும்பங்கள் முதலில் பழக வேண்டியதும் அந்தச் சூழ்ச்சியைத்தான்: கடதாசி வந்தால் தனியே பயப்படாமல், கையெழுத்து வைக்க முன் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள்.