திருப்பணிக்கு வரிச்சலுகையும் நிதியுதவியும்

நாமக்கல் மாவட்டத்தில், திருச்செங்கோட்டை அடுத்துத் திகழும் தொன்மை வாய்ந்த ஊர் மல்லசமுத்திரம் ஆகும். பேரேரியை உடைய ஊர்கள் ‘சமுத்திரம்’ என்னும் பெயரால் முடிவது தமிழகத்து மரபு. ஏரி நீர் பாய்ந்த நிலம் விளைந்தது. விளைவில் ஒரு பங்கு திருக்கோயிலைக் காத்தது. இங்கு எழுந்தருளியுள்ள சோழீசுவரர் திருக்கோயில் போன்ற பழந்திருக்கோயில்கள் பல தலைமுறைகளைக் கடந்து நிற்பதற்குக் கல்லின் வலிமை மட்டும் காரணமன்று. அவற்றைப் பழுது பார்ப்பதற்கென முன்னோர் வகுத்துவைத்த பொருள்வழியும் காரணமாகும்.

அப்பொருள்வழி இன்று எவ்வாறு அமைந்துள்ளது என்பதை அடியார் பெருமக்களும் திருப்பணிக் குழுவினரும் அறிந்திருத்தல் நலம்.

இறையிலி என்னும் முன்னோர் நெறி

‘இறை’ என்பது வரி. ‘இறையிலி’ என்பது வரி நீக்கிய நிலம். கோயிலுக்கு அளித்த நிலத்தின்மேல் தமக்கு வரவேண்டிய வரியை மன்னர்கள் விட்டுக்கொடுத்தனர். அவ்வருவாயால் விளக்கெரிந்தது, திருவமுது படைக்கப்பட்டது, இடிந்த மதிலும் எடுத்துக் கட்டப்பட்டது. திருப்பணிக்கு வரிச்சலுகை என்பது இக்காலச் சட்டம் புதிதாகக் கண்டதன்று என்பது இதனாற் பெறப்படும். ஆணையை ஓலையில் எழுதியதோடு நில்லாது, எவரும் காணுமாறு கோயிலின் அதிட்டானத்திலும் சுவரிலும் கல்வெட்டாகப் பொறித்தனர்.

இக்காலத்து வரிச்சலுகை

1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவு, நன்கொடைக்கு உரிய சலுகையைக் கூறுவது. வரலாறு, தொல்லியல், கலை ஆகியவற்றால் சிறப்புடையது என்றோ, மாநிலம் எங்கும் புகழ்பெற்ற பொது வழிபாட்டிடம் என்றோ மத்திய அரசின் அரசிதழில் அறிவிக்கப்பெற்ற கோயில், பள்ளிவாசல், தேவாலயம், குருத்துவாரா ஆகியவற்றின் புதுப்பித்தல், பழுதுபார்த்தல் பணிகளுக்கு அளிக்கும் நன்கொடையில் பாதித் தொகை, வருமானத்திலிருந்து கழிக்கப்படும். அதற்கும் மொத்த வருமானத்தை அடிப்படையாகக் கொண்ட உச்சவரம்பு உண்டு. 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் முதல் நாளிலிருந்து நடைமுறைக்கு வருமாறு இயற்றப்பட்டது. அதில் பிரிவு எண்கள் மாறியுள்ளமையால், தணிக்கையாளரைக் கலந்து உரிய எண்ணை அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

கழிவு என்பது வரியிலன்று, வருமானத்தில் என்பதை உணர்தல் வேண்டும். ஒருவர் 10,000 ரூபாய் அளித்தால், 5,000 ரூபாய் அவர்தம் வருமானத்திலிருந்து கழியும். அவர் நூற்றுக்கு 20 வீதம் வரி செலுத்துபவராயின், ஏறத்தாழ 1,000 ரூபாய் வரி குறையும்.

இச்சலுகையை எதிர்பார்ப்போர் நான்கு செய்திகளை நினைவிற் கொள்ளுதல் தகும். முதலாவது, எல்லாக் கோயில்களும் அரசிதழ்ப் பட்டியலில் இடம்பெறுவதில்லை; தம் ஊர்க் கோயில் இடம்பெற்றுள்ளதா என்பதைக் கொடுப்பதற்கு முன்னரே அலுவலகத்திற் கேட்டறிதல் வேண்டும். இரண்டாவது, 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட தொகையை ரொக்கமாக அளித்தால் சலுகை இல்லை. காசோலை, வங்கிவழிப் பரிமாற்றம் ஆகியவையே ஏற்றவை. மூன்றாவது, பொருளாகக் கொடுத்ததற்குக் கழிவு இல்லை. கல்லும் சிமெண்டும் வாங்கித் தந்த உபயதாரர்க்குப் புண்ணியம் உண்டு, வரிச்சலுகை இல்லை. நான்காவது, குறைந்த வீதமுடைய புதிய வரிமுறையைத் தேர்ந்தவர்க்கு இக்கழிவு கிடையாது.

இவையேயன்றி, 1996இல் மத்திய அரசு நிறுவிய தேசியப் பண்பாட்டு நிதியத்திற்கு அளிக்கும் நன்கொடை முழுத் தொகைக்கும் கழிவு பெறுவதாக அமைந்தது. பழஞ்சின்னங்களைப் பேணுவதற்கென்றே ஏற்பட்ட நிதியம் அது.

அரசு வழங்கும் நிதியுதவி

1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையக் கொடைகள் சட்டம் பொதுநல நிதி என்னும் ஒன்றை வகுத்துள்ளது. வருவாய் மிக்க கோயில்களின் உபரி, வருவாயற்ற கோயில்களின் திருப்பணிக்கு உதவுமாறு அமைந்த ஏற்பாடு இது. உடைய கோயில் இல்லாத கோயிலைத் தாங்குவது என்னும் அறமே இதன் உட்பொருள் ஆகும்.

கிராமப்புறக் கோயில்களுக்கும் ஆதிதிராவிடர் வாழும் பகுதிகளிலுள்ள கோயில்களுக்கும் தனித்தனியே திருப்பணி நிதியுதவி வழங்கப்பட்டு வருகிறது. ஒரு கோயிலுக்கு ஒரு லட்சம் ரூபாயாக இருந்த தொகை பின்னர் உயர்த்தப்பட்டது. ஆயிரம் ஆண்டு கடந்த கோயில்களைப் புதுப்பிப்பதற்கென 2022-23ஆம் நிதியாண்டில் தமிழக அரசு 100 கோடி ரூபாய் மானியம் ஒதுக்கியதும் குறிப்பிடத்தக்கது.

முறை அறிந்து செய்தல்

நிதி வருமுன் முறை வரவேண்டும். பொறியாளரின் மதிப்பீடு, ஸ்தபதியின் கருத்து, தொல்லியல் வல்லுநரின் அறிக்கை, வல்லுநர் குழுவின் ஒப்புதல் ஆகியவை முடிந்த பின்னரே பாலாலயம் செய்து பணி தொடங்குதல் உரியது. நாமக்கல் குடைவரைகளைப் போல மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடங்களில் அத்துறையின் இசைவின்றி எதனையும் மாற்றலாகாது. அவற்றைச் சூழ்ந்து 100 மீட்டர் வரை புதுக்கட்டடம் எழுப்பவும் தடை உண்டு.

பிற நாட்டிலும் இந்நெறியே காணப்படுகிறது. அமெரிக்காவில், வருவாய் தரும் பழங்கட்டடத்தைப் புதுப்பிப்போர்க்குத் தகுதியான செலவில் நூற்றுக்கு 20 பங்கு வரியிலேயே கழிக்கப்படுகிறது. ஆயினும், கட்டடத்தின் தொன்மை கெடாது பணி நிகழ்ந்தது என்று அரசு சான்றளித்தால்தான் அச்சலுகை கிட்டும்.

காப்பதே திருப்பணி

ஆர்வமிகுதியால் நேரும் தீங்கு ஒன்று உண்டு. கருங்கல்லைப் பளிச்சிடச் செய்ய விழைந்து, மணலை விசையுடன் பீய்ச்சித் தேய்த்தமையால் எழுத்தும் சிற்பமும் மழுங்கிய கோயில்கள் பல. கல்வெட்டின்மேல் வண்ணம் பூசுதல், தரைக்கற்களைப் பெயர்த்துப் பளிங்கு பதித்தல், சுண்ணாம்புச் சாந்து இருந்த இடத்திற் சிமெண்டை அப்புதல் ஆகியனவும் அத்தகையனவே. கோயில் நிலத்திற்கு வரி நீக்கிய ஆணை எந்தக் கல்லில் உள்ளதோ, அந்தக் கல்லையே வரிச்சலுகை பெற்ற பணத்தால் சிதைப்பது எத்துணைக் கொடுமை! நிலவுரிமை வழக்கிடப்படும் நாளில் அக்கல்லன்றோ கோயிலுக்குச் சான்று நிற்கும்?

செம்பியன் மாதேவியார் காட்டிய வழி இவ்விடத்து எண்ணத் தக்கது. பத்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அச்சோழமாதேவியார் திருக்கோடிக்காவல் கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தபோது, பழங்கற்களில் இருந்த கல்வெட்டுகளைப் படியெடுத்துப் புதிய சுவரிற் பொறிக்கச் செய்தார். அவை பழங்கல்லின் படி என்பதையும் குறிக்கச் செய்தார். புதியது எடுத்தபோதும் பழைய கொடையாளர் எவர் பெயரும் மறைய அவர் விடவில்லை.

எனவே, மல்லசமுத்திரத்திலாயினும் பிறவூரிலாயினும் திருப்பணிக்கு முனைவோர், முதற்கண் கோயிலின் கல்வெட்டுகளையும் சிற்பங்களையும் படம் எடுத்துப் பதிவு செய்க. அடுத்து ஒப்புதல் பெறுக. அதன்பின் பொருள் திரட்டுக. கொடுத்தவர்க்கெல்லாம் முறையான பற்றுச்சீட்டு வழங்குக. அவ்வாறு செய்யப்பெறும் திருப்பணி, இன்று கொடுத்தோர்க்கும் என்றோ கொடுத்தோர்க்கும் ஒருங்கே நன்றி செலுத்துவதாகும். திருவருள் துணைநிற்க.