உடைந்த பீங்கானுக்கு மறுபிறவி

விருத்தாசலத்துச் சூளைகளில் வெந்தெடுத்த பீங்கான் பொம்மைகளும் அகல்களும் கொலுவுக்கும் கார்த்திகைக்கும் ஊரூராய்ச் செல்கின்றன. அவை உடைந்தாலோ குப்பையில் எறிகிறோம். களிமண்ணும் தீயும் தொழிலாளியின் உழைப்பும் அத்துடன் போகின்றன.

நேயர்களே, வீட்டு மூலையில் கிடக்கும் பழைய சிறு மேஜையின்மேல் சிமெண்டுப் பலகையொன்றைத் திருகாணியால் பொருத்தி, விளிம்பில் மரச்சட்டம் அடியுங்கள். உடைந்த பீங்கானைச் சாக்கில் சுற்றிச் சுத்தியலால் தட்டுங்கள். தட்டையான சில்லுகளைப் பொறுக்கி, ஓடு ஒட்டும் பசையில் மெருகுள்ள முகம் மேலிருக்கப் பதியுங்கள். மறுநாள் வெள்ளைச் சிமெண்டுக் குழம்பால் இடைவெளிகளை நிரப்பி, இறுகுமுன் ஈரத்துணியால் துடையுங்கள்.

சண்டிகரில் இத்தகைய சில்லுகளைக் கொண்டே நேக் சந்த் சமைத்த சிற்பத் தோட்டம் 1976-ல் திறக்கப்பட்டது. நம் கைத்தொழிலாளியின் உழைப்பில் ஒரு சில்லும் வீணாகாமற் காப்பது சுதேசி தர்மமன்றோ!