அரை ஓடு தண்ணீர்: ஒரு சமையற் குறிப்பும் அதன் உரையும்

முன்னுரை

ஏட்டுச் சுவடியைக் கையில் எடுக்கும் பதிப்பாசிரியருக்கு இரண்டு தடைகள் உண்டு. முதலாவது, எழுத்தைப் படிப்பது. இரண்டாவது, படித்த சொல்லுக்குப் பொருள் காண்பது. முதல் தடையைப் பயிற்சியால் கடக்கலாம். இரண்டாவதைக் கடக்க, அச்சொல்லோடு வாழ்ந்தவரின் துணை வேண்டும். வகுப்பறையில் பல்லாண்டுகளாக மாணவர்க்கு யாம் கூறிவரும் இவ்வுண்மையை எமக்கே மீண்டும் கற்பித்தது ஓர் இலக்கியச் சுவடி அன்று. எம் பாட்டியார் விட்டுச் சென்ற ஒற்றைத் தாள். அதில் இருந்தது, முட்டை சேர்த்து வீட்டிலேயே 'மீ' செய்யும் முறை.

இன்று கடைகளில் நூடுல்ஸ் என்று பொட்டலமாகக் கிடைக்கும் உணவை, மலாய் நாடு சென்று வந்த நம்மவர் 'மீ' என்றே வழங்குவர். சீனத்தின் ஹொக்கியன் வழக்கிலிருந்து மலாய் மொழிக்கும், அங்கிருந்து கப்பலேறி நம் கடற்கரை ஊர்களுக்கும் வந்த சொல் இது.

குறிப்பு வந்த வழி

எம் பாட்டனார் நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பலேறிப் பினாங்கு சென்றவர். 1926-இல் கட்டப்பெற்ற அக்கப்பல், சென்னையையும் நாகப்பட்டினத்தையும் பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய துறைகளோடு இணைத்துத் தமிழர் பல்லாயிரவரைச் சுமந்தது. பினாங்கில் பாட்டனார் தள்ளுவண்டியில் மீ கோரெங் விற்றார். 'கோரெங்' என்னும் மலாய்ச் சொல்லுக்கு வறுத்தல், பொரித்தல் என்பது பொருள். சீனரின் மஞ்சள் மீயும், நம்மவரின் மிளகாய் விழுதும், அவித்த உருளைக்கிழங்கும், முளைப்பயறும் ஒரே இருப்புச் சட்டியில் கலந்து பிறந்த உணவு அது. மலேசியாவில் 'மாமாக்' கடைகள் எனப்படும் தமிழ் முஸ்லிம் உணவுக் கடைகளின் அடையாளமாகவே அது இன்றும் விளங்குகிறது.

வண்டிக்காரர்கள் மீயைச் சீனர் பட்டறையில் அன்றாடம் வாங்குவதே வழக்கம். சீனப் புத்தாண்டு நாட்களில் பட்டறைகள் மூடிக் கிடக்கும். அந்நாட்களுக்காகவே பாட்டனார் தம் கையால் முட்டை மீ செய்யக் கற்றார். 1960-களின் இறுதியில் அவர் ஊர் திரும்பியபின், அவர் சொல்லச் சொல்லப் பாட்டியார் எழுதி வைத்ததே அத்தாள். பாட்டியாருக்குத் தமிழ் எழுத்து தெரியாது, அரபுத்தமிழ் தெரியும். அரபு எழுத்துக்கள் 28-உடன், தமிழுக்கே உரிய ஒலிகளுக்காகப் புள்ளியும் குறியும் சேர்த்து அமைத்த எழுத்துக்களையும் கொண்டு தமிழை எழுதும் முறை அது. தமிழில் ஆய்வுப் பட்டம் பெற்ற எமக்கோ அவ்வெழுத்தைப் படிக்கத் தெரியாது. பாட்டியார் 2009-இல் மறைந்தபின் பெட்டிக்குள் கிடந்த தாளை, ஊரில் முதியவர் ஒருவர் எமக்குப் படித்துக் காட்டினார்.

மூலம்

அவர் படிக்க யாம் தமிழ் எழுத்தில் பெயர்த்துக் கொண்டது வருமாறு:

"மாவு நாலு ஆழாக்கு. முட்டை நாலு. உப்பு கொஞ்சம். அரை ஓடு தண்ணீர். ஆயர் அபு ஒரு துளி. பிசைந்து மூடு. பாய் தெரியப் பரத்து. சுருட்டி அரி. காயவை. மூன்று கைக்குப் பின் எடு."

எழுத்துத் தடை நீங்கியது. பெரும்பணி முடிந்ததெனக் கருதி, அன்று மாலையே மனைவியாரின் துணையோடு செய்முறையில் இறங்கினோம். 'ஓடு' என்றால் தேங்காய் ஓடு என்று கொண்டு, சிரட்டையில் பாதி நீர் எடுத்து ஊற்றினோம். மாவு தோசை மாவாயிற்று. மேலும் மாவு கொட்டினோம். அது கைகளில் பசையாய் ஒட்டியது. நான்கு முட்டைகளும் வீணாயின. படித்துக் காட்டிய முதியவரோ, 'அபு' என்பது அரபியில் தந்தையைக் குறிக்கும் சொல்லாதலால், 'ஆயர் அபு' யாரோ ஒரு பெரியவரின் பெயராக இருக்கலாம் என்றார். ஒரு துளிப் பெரியவரை மாவில் எவ்வாறு சேர்ப்பது என்று எமக்கு விளங்கவில்லை.

உரை

எண்பதைக் கடந்த எம் பெரியம்மாவிடம் தாளை எடுத்துச் சென்றோம். யாம் செய்ததைக் கேட்டு அவர் நெடுநேரம் சிரித்தார். "வாப்பா, முட்டையை உடைச்சா கையிலே என்ன மிஞ்சும்? அந்த ஓடுதான். அதிலே பாதி" என்றார். உடைத்த முட்டையின் ஓடே அளவுப் பாத்திரம்! அதன் அரைப்பகுதி ஏறத்தாழ 20 மில்லி லிட்டர் நீர் கொள்ளும். சிரட்டையில் யாம் ஊற்றியதோ அதனைப் போல் பல மடங்கு.

'ஆயர் அபு' மலாய்த் தொடர் என்பதும் அவர் சொல்லியே தெரிந்தது. 'ஆயர்' நீர், 'அபு' சாம்பல். அக்காலத்தில் சாம்பலைக் கரைத்துத் தெளியவைத்து எடுத்த காரநீர் அது. காரம் பட்டால் கோதுமை மாவு மஞ்சள் நிறம் பெறும்; இழையும் விறைப்பாகும். பட்டறை மீயின் மஞ்சள் நிறத்திற்கு இதுவே காரணம். நம்மூரில் அது கிடைக்காமையால் பாட்டியார் அதனை விட்டுவிட்டாராம். முட்டைக் கருவின் நிறமே போதுமானதாயிற்று.

'பாய் தெரியப் பரத்து' என்பதற்கும் உரை கிடைத்தது. தேய்த்த மாவைக் கோரைப்பாய்க்கு மேலாகத் தூக்கிப் பிடித்தால், அதனூடே பாயின் வண்ணக் கோடுகள் மங்கலாகத் தெரிய வேண்டும். அவ்வளவு மெல்லியதாகத் தேய்த்தல் என்பது கருத்து.

அளவின் நுட்பம்

ஓர் ஆழாக்கு ஏறத்தாழ 168 மில்லி லிட்டர். அவ்வளவு மைதா 90 முதல் 100 கிராம் வரை நிற்கும். ஆகவே பாட்டியாரின் கணக்கு, நூறு கிராம் மாவிற்கு ஒரு முட்டை என்பதற்கு மிக நெருங்கியது. இத்தாலியில் முட்டை சேர்த்துச் செய்யும் தாலியதெல்லே என்னும் பட்டை இழைக்கும் இதே விகிதமே வழங்குகிறது. ஒருவரையொருவர் அறியாத அடுக்களைகள் ஒரே அளவை வந்தடைந்தமை வியப்பிற்குரியது. மாவின் இயல்பே அவ்வளவை வகுக்கிறது என்க.

பின் அரை ஓடு தண்ணீர் எதற்கு? பாட்டியார் பயன்படுத்தியவை நாட்டுக்கோழி முட்டைகள். அவை ஏறத்தாழ 40 கிராம் எடையே இருக்கும். அக்குறையை நிரப்பவே அந்நீர். இன்றைய பண்ணை முட்டை 50 கிராமுக்கு மேல் இருப்பதால், நீர் பெரும்பாலும் தேவைப்படுவதில்லை. மூலத்தை எழுத்துக்கு எழுத்து பின்பற்றுவோர் இதனையும் கருத வேண்டும்.

செய்முறை

அகன்ற தாம்பாளத்தில் மாவைக் குவித்து, நடுவே குழி செய்து, முட்டைகளை உடைத்து ஊற்றி உப்பிடுக. உள்ளிருந்து வெளியாகச் சிறிது சிறிதாக மாவைச் சேர்த்துப் பிசைக. முதலில் உதிரியாக இருக்கும், நீர் ஊற்றக் கை பரபரக்கும், பொறுத்தல் வேண்டும். பத்து நிமிடம் அழுத்திப் பிசைந்தால் மாவு வழவழப்பாகும். "காது மடலைத் தொட்டுப் பார், அந்தப் பதம்" என்பது பெரியம்மாவின் இலக்கணம்.

பின் ஈரத்துணியால் மூடி அரைமணி நேரம் வைக்க. பிசையும்போது கோதுமைப் புரதங்கள் ஒன்றோடொன்று பின்னிக் குளூட்டன் என்னும் வலையாகின்றன. உடனே தேய்த்தால் அவ்வலை இழுத்துச் சுருங்கும். ஓய்வு கொடுத்தால் தளர்ந்து இடங்கொடுக்கும். மூலத்தில் 'மூடு' என்ற ஒரு சொல்லுக்குள் இவ்வளவும் அடங்கியுள்ளது.

மாவை நான்கு உருண்டைகளாக்கி, ஒவ்வொன்றையும் பூரிக்கட்டையால் பாய் தெரியத் தேய்க்க. மேலே உலர்மாவைத் தூவிப் பாய் சுருட்டுவதுபோல் தளரச் சுருட்டிக் கூரிய கத்தியால் மெல்லியதாக அரிக. அரிந்தவற்றை உதறினால் நீண்ட இழைகளாகப் பிரியும். வெள்ளைத் துணியில் பரப்பி அரைமணி நேரம் உலர்த்துக. முட்டை சேர்ந்ததாகையால் அன்றே சமைத்துவிடுதல் நன்று. கடற்கரைக் காற்றின் ஈரத்தில் அது விரைவில் கெடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் செய்வதே இல்லை என்றார் பெரியம்மா.

நூறு கிராமுக்கு ஒரு லிட்டர் என்ற அளவில் நீரைக் கொதிக்கவைத்து, உப்பிட்டு, இழைகளை உதிர்த்துப் போடுக. நீர் குறைந்தால் மாவுச்சத்துக் கரைந்து குழகுழப்பாகும். வெப்பத்தில் முட்டைப் புரதம் இறுகி இழையைக் கட்டுக்குள் வைக்கும். முட்டை மீ எளிதில் குழையாமைக்கு இதுவே காரணம். வெந்தபின் வடித்துக் குளிர்ந்த நீரில் அலசிச் சிறிது எண்ணெய் தடவி வைக்க. பின் பூண்டு, மிளகாய் விழுது, தக்காளி, அவித்த உருளைக்கிழங்கு, முளைப்பயறு சேர்த்துப் பெருந்தீயில் வதக்கி, எலுமிச்சை பிழிந்து பரிமாறலாம்.

முடிவுரை

மூலத்தின் கடைசித் தொடர் எஞ்சி நிற்கிறது: 'மூன்று கைக்குப் பின் எடு.' கொதிக்கும் நீரில் மும்முறை கையளவு தண்ணீர் தெளிப்பதா? கரண்டியால் மூன்று முறை தூக்கி விடுவதா? பெரியம்மாவைக் கேட்டோம். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, "உம்மா அடுப்பங்கிட்டே நின்னு ஏதோ எண்ணுவாங்க வாப்பா. என்னன்னு நான் கேக்கல்லே" என்றார். யாம் இப்போது கடிகாரத்தைப் பார்த்து மூன்று நிமிடத்தில் எடுக்கிறோம். சுவை நன்றாகவே இருக்கிறது. ஆயினும் அத்தொடருக்கு உரை இல்லை. இனிக் கிடைக்கப் போவதும் இல்லை.

டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கும் முன், கும்பகோணத்துச் சமணர் இல்லங்களுக்குச் சென்று அவர்கள் மரபுச் சொற்களுக்குப் பொருள் கேட்டறிந்ததை நாம் பாடமாக நடத்துகிறோம். பொருள் சொல்ல அன்று ஆட்கள் இருந்தனர். கேட்க அவர் சென்றார். நம் வீடுகளிலும் அரபுத்தமிழில் எழுதிய தாள்கள் உள்ளன. எழுதப்படாமல் நினைவில் மட்டும் நிற்கும் குறிப்புகள் அவற்றினும் மிகுதி. மாணவச் செல்வங்கள் இவ்விடுமுறையில் தத்தம் பாட்டியார் அருகில் அமர்ந்து, ஓர் உணவின் செய்முறையை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதுக. எழுதியபின், 'எந்த ஓடு?' என்றும் மறவாது கேட்டுக் குறித்துக் கொள்க.