எல்லை தாண்டும் மதிப்பெண்

1958. அமெரிக்காவில் ஓராண்டு படித்துவிட்டு ரோமுக்குத் திரும்பியிருந்தார் சோபியா கொராதி. ஃபுல்பிரைட் உதவித்தொகையில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போய், ஒப்பீட்டுச் சட்டத்தில் முதுகலைப் பட்டம் வாங்கி வந்த மாணவி அவர். ரோமில் சட்டப் படிப்பை முடிக்க இன்னும் சில தேர்வுகள் பாக்கி. அங்கே படித்ததை இங்கே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று பல்கலைக்கழக அலுவலகத்தில் கேட்டார். மறுத்துவிட்டார்கள். ஊர் சுற்றிவிட்டு வந்தவரிடம் பேசுவதுபோல் எல்லோர் எதிரிலும் பேசி அனுப்பியதைப் பிற்காலத்தில் அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

அன்றைய ஐரோப்பாவில் இது அதிசயமே இல்லை. இத்தாலியில் 30க்கு மதிப்பெண். 18 எடுத்தால் தேர்ச்சி. பிரான்சில் 20க்கு, 10 போதும். ஜெர்மனியிலோ 1 வாங்கியவர்தான் முதல் மாணவர், 5 வாங்கினால் தோல்வி. ஒரு நாட்டு மதிப்பெண் பட்டியல் இன்னொரு நாட்டில் வெறும் தாள். ஓராண்டு வீணானாலும் தாங்கக்கூடிய வீட்டுப் பிள்ளைகள்தான் பெரும்பாலும் வெளியே போய்ப் படித்தார்கள்.

கொராதி அந்த அவமானத்தை மறக்கவில்லை. இத்தாலியப் பல்கலைக்கழகத் தலைவர்களின் கூட்டமைப்புக்கு ஆலோசகரானதும், வெளிநாட்டில் படித்ததைச் சொந்தப் பல்கலைக்கழகம் ஏற்க வேண்டும் என்று 1969இல் குறிப்பு எழுதினார். அமைச்சகங்களின் படியேறினார், கடிதம் எழுதினார், மறுபடியும் எழுதினார். 1987 ஜூனில்தான் ஐரோப்பிய சமூகம் (இன்றைய ஐரோப்பிய ஒன்றியம்) எராஸ்மஸ் என்ற மாணவர் பரிமாற்றத் திட்டத்தை ஏற்றது. பாரிஸில் படித்து, டூரினில் முனைவர் பட்டம் வாங்கி, கேம்பிரிட்ஜில் கற்பித்து, பாசலில் இறந்த ரோட்டர்டாம் அறிஞரின் பெயர் அது. முதல் ஆண்டு போனவர்கள் 11 நாடுகளின் 3,244 மாணவர்கள்.

இன்று அந்தக் கணக்கு 1.5 கோடியைத் தாண்டிவிட்டது. பள்ளி மாணவர்களும் தொழில் பழகுவோரும் இதில் சேர்த்தி. எராஸ்மஸ் என்றதும் நட்பு, காதல், பல மொழி பேசும் வாடகை வீடு என்றுதான் பலரும் பேசுகிறார்கள். எனக்கு அதிலுள்ள பெரிய சாதனையாகத் தெரிவது ஒரு சாதாரணத் தாள். கிளம்புவதற்கு முன்பே மாணவர், அனுப்பும் பல்கலைக்கழகம், ஏற்கும் பல்கலைக்கழகம் என மூவரும் ஒரு கற்றல் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறார்கள். எந்தெந்தப் பாடம், எத்தனை கிரெடிட் என்று அதில் இருக்கும். ஓராண்டுப் படிப்புக்கு 60 கிரெடிட் என்ற பொது அளவு 1989 முதல் பழக்கத்துக்கு வந்தது. ஏற்கும் பல்கலைக்கழகம் கல்விக் கட்டணம் வாங்காது; கட்டணம் சொந்த ஊரில் எவ்வளவோ அவ்வளவே. உன் பேராசிரியர் போட்ட மதிப்பெண்ணை நான் நம்புகிறேன் என்று ஒரு நாடு இன்னொன்றிடம் எழுத்தில் சொல்கிறது. தூதரக விருந்துகளைவிட இந்த நம்பிக்கையைத்தான் நான் உறவு என்பேன்.

ஆனால் அந்த நம்பிக்கை அரசியலைத் தாண்டி நிற்பதில்லை. 2014இல் குடியேற்றத்தைக் கட்டுப்படுத்த சுவிட்சர்லாந்து மக்கள் வாக்களித்தார்கள். அதன் தொடர்ச்சியாக எராஸ்மஸில் அந்த நாட்டின் முழுப் பங்கேற்பு நின்றது. ஹங்கேரியில் அறக்கட்டளைகளின் கைக்குப் போன பல்கலைக்கழகங்களுடன் எராஸ்மஸ் உட்படப் புதிய நிதி ஒப்பந்தம் எதுவும் கூடாது என்று 2022 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் முடிவெடுத்தது. நிர்வாகத்தில் செய்த மாற்றத்துக்கு மாணவர்கள் விலை கொடுத்தார்கள். ஒன்றியத்திலிருந்து விலகிய பிரிட்டன் 2021இல் டூரிங் திட்டம் என்று தனியாக ஒன்றைத் தொடங்கியது. வெளியே போகும் தன் மாணவர்களுக்கு அது பணம் தந்தது. உள்ளே வருபவர்களுக்குத் தரவில்லை. போக மட்டும் வழி வைத்து வர வழி வைக்காததைப் பரிமாற்றம் என்று எப்படிச் சொல்வது? 2027 முதல் மீண்டும் எராஸ்மஸில் சேர்வதாக 2025 டிசம்பரில் பிரிட்டன் அறிவித்தபோது, உண்மையிலேயே மகிழ்ந்தேன்.

2004இல் தொடங்கிய எராஸ்மஸ் முண்டுஸ் என்ற முதுகலைத் திட்டம் வழியாக நம் பிள்ளைகளும் போகிறார்கள். ஒரு பருவம் ஒரு நாட்டிலும் அடுத்தது இன்னொன்றிலுமாகப் படித்து, கூட்டுப் பட்டமோ இரட்டைப் பட்டமோ வாங்குகிறார்கள். ஊர் திரும்பி வேலைக்கோ ஆய்வுப் படிப்புக்கோ விண்ணப்பித்தால், இணைத்தன்மைச் சான்றிதழ் எங்கே என்று கேட்கிறோம். இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம்தான் நெடுங்காலமாக அதைக் கொடுத்துவந்தது. வெளிநாட்டுத் தகுதிகளை ஏற்க பல்கலைக்கழக மானியக் குழு 2025 ஏப்ரலில் தனி விதிமுறைகளை வெளியிட்டிருக்கிறது. இரண்டு மூன்று நாடுகள் ஒன்றையொன்று நம்பிக் கொடுத்த பட்டத்தோடு நம் அலுவலகங்களின் வாசலில் நிற்கும் பிள்ளையைப் பார்க்கும்போதெல்லாம், ரோமில் தாளோடு நின்ற அந்தப் பெண் நினைவுக்கு வருகிறார்.