குளத்துல தண்ணி இருக்கு... காவலுக்கு ஆள் இல்ல! அமெரிக்காவில் சிறுவர் நீச்சல் அணிகள் தவிப்பது ஏன்?

தண்ணீர் ரெடி. குளோரின் போட்டாச்சு. பயிற்சியாளர் விசிலோடு வந்துட்டார். பசங்களும் தொப்பி, கண்ணாடி மாட்டிக்கிட்டு கரையில நிக்கிறாங்க. ஆனா யாரும் தண்ணிக்குள்ள இறங்க முடியாது. காரணம், குளத்தின் ஓரத்தில் இருக்கும் அந்த உயரமான நாற்காலி காலி.

அந்த நாற்காலியில் உட்கார வேண்டியவர் லைஃப் கார்டு. தண்ணீரில் யாராவது தத்தளித்தால் குதித்துக் காப்பாற்றுபவர். அமெரிக்காவின் பொது நீச்சல் குளங்களில் இந்த வேலைக்கு ஆள் கிடைக்காத பிரச்சினை கொரோனா காலத்துக்குப் பிறகு பெரிதாக வெடித்தது. குளம் மூடினால் வெயிலுக்குக் குளிக்க வருபவர்களுக்கு ஏமாற்றம். அங்கே பயிற்சி எடுக்கும் சிறுவர் அணிக்கோ அந்த சீசனே கைவிட்டுப் போகும் ஆபத்து.

எந்த அளவுக்குப் பற்றாக்குறை?

2022 கோடையைப் பார்த்தால் போதும். பிலடெல்பியா நகரில் 60-க்கும் மேற்பட்ட வெளிப்புறக் குளங்கள் உண்டு. அந்த ஆண்டு திறக்க முடிந்தது சுமார் 50 மட்டுமே. அனல் கக்கும் பீனிக்ஸ் நகரில் 29 குளங்களில் பாதி கூட திறக்கவில்லை. சிகாகோவில் வெளிப்புறக் குளங்களின் திறப்பு ஜூலை 5 வரை தள்ளிப்போனது. நியூயார்க்கில் குளங்கள் திறந்தன. ஆனால் குழந்தைகளுக்கான இலவச நீச்சல் வகுப்பை ரத்து செய்துவிட்டார்கள். இருக்கிற ஆட்களை வைத்து, பொதுமக்கள் குளிக்கும் நேரத்தை மட்டுமாவது நடத்தலாம் என்ற முடிவு.

ஆட்கள் எங்கே போனார்கள்?

இது பெரும்பாலும் கோடையில் மட்டும் இருக்கும் வேலை. செய்பவர்கள் பள்ளி, கல்லூரி மாணவர்கள். செஞ்சிலுவைச் சங்கத்தின் லைஃப் கார்டு சான்றிதழ் 2 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். 2020-ல் குளங்களும் பயிற்சி வகுப்புகளும் மூடப்பட்டதால் பழைய சான்றிதழ்கள் காலாவதியாயின, புதிய ஆட்களும் உருவாகவில்லை. ஜே-1 விசாவில் கோடை வேலைக்கு வரும் வெளிநாட்டு மாணவர்களை நம்பியிருந்த குளங்கள் பல. 2020 ஜூனில் அந்த விசாவும் நிறுத்தப்பட்டு, 2021 மார்ச் வரை தடை நீடித்தது. அதற்குள் துரித உணவகங்களும் கிடங்குகளும் சம்பளத்தை ஏற்றிவிட்டன. அங்கே வேலைக்குச் சேர நீச்சல் தேர்வும் கிடையாது.

தேர்வு ஒன்றும் லேசு இல்லை. ஆழமான குளத்துக்கான சான்றிதழ் வேண்டுமென்றால், நீந்திப் போய், அடியில் கிடக்கும் சுமார் 4.5 கிலோ எடையை மூழ்கி எடுத்து, அதை நெஞ்சில் அணைத்தபடி மல்லாந்து நீந்தித் திரும்ப வேண்டும். எல்லாம் 1 நிமிடம் 40 விநாடிக்குள். சும்மா நீச்சல் தெரிந்தவர்களுக்கு இது போதாது. நன்றாக நீந்தத் தெரிய வேண்டும்.

அணியின் பயிற்சி நேரம்தான் முதலில் போகுமா?

பல இடங்களில் அப்படித்தான். ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்க. ஒரு குளத்துக்கு ஒரே நேரத்தில் 3 பேர் காவல் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வெயிலில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தால் கவனம் சிதறும். அதனால் 20, 30 நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்ற வேண்டும். அப்போ 4 பேர். காலை, மாலை என்று 2 ஷிப்ட் என்றால் 8 பேர். வார விடுமுறை, காய்ச்சல், பரீட்சை எல்லாம் சேர்த்தால் 10 பேர் கையில் இருக்க வேண்டும். வந்ததோ 5 பேர் என்றால், ஒரு ஷிப்ட்தான் ஓடும்.

எந்த ஷிப்டை வைத்துக்கொள்வார்கள்? நடுப்பகலில் குளத்துக்கு நூற்றுக்கணக்கான பேர் வருவார்கள். விடியற்காலை பயிற்சிக்கு வருவதோ 30, 40 பிள்ளைகள். வரிப்பணத்தில் நடக்கும் குளம் கூட்டத்தின் பக்கம் சாய்வதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அணிக்கு மிஞ்சுவது மாலையில் ஒரு மணி நேரம், ஒரே லேனில் 10 பேர்.

கோடைகால நீச்சல் லீக் மொத்தமே 6 முதல் 8 வாரம்தான். குளம் 2 வாரம் தாமதமாகத் திறந்தால் சீசனில் கால் பங்கு காலி. ஆகஸ்டில் கல்லூரி மாணவர்கள் வேலையை விட்டுப் போகத் தொடங்கியதும் கடைசி வாரங்களும் சுருங்கும். தனியார் கிளப்புக்கு மாற வசதி உள்ள குடும்பங்கள் மாறிவிடும். மற்ற பிள்ளைகள் நின்றுவிடுவார்கள்.

பயிற்சியாளரே பார்த்துக்க முடியாதா?

எல்லாப் பெற்றோரும் கேட்கும் கேள்வி இது. விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சில இடங்களில் சான்றிதழ் உள்ள பயிற்சியாளர் இருந்தால் போதும் என்கிறார்கள். ஆனால் பயிற்சியாளரின் கண் 3-வது லேனில் ஒரு சிறுமியின் முழங்கை எப்படி மடங்குகிறது என்பதில் இருக்கும். அந்த நேரத்தில் 6-வது லேனில் ஒருவர் மூழ்கினால்?

சினிமாவில் வருவது போல யாரும் கையை ஆட்டி 'காப்பாத்துங்க'ன்னு கத்திக்கொண்டு மூழ்குவதில்லை. பெரும்பாலும் சத்தமே வராது. நன்றாக நீந்துபவர்களுக்கும் ஆபத்து உண்டு. மூச்சை அடக்கி நீருக்கடியில் நீளமாக நீந்தும்போது, எந்த முன்னறிகுறியும் இல்லாமல் நினைவு தப்பலாம். எனவே 'அணிப் பசங்கதானே, நல்லா நீந்துவாங்க' என்று காவலைத் தளர்த்துவது சரியான வழி அல்ல.

வயதைக் குறைத்தால்?

ஏற்கெனவே குறைவுதான். அமெரிக்க மத்திய தொழிலாளர் சட்டப்படி 15 வயதிலேயே நீச்சல் குளத்தில் லைஃப் கார்டு ஆகலாம். ஆனால் அதே சட்டம் அந்த வயதினரைக் காலை 7 மணிக்கு முன்பு வேலை வாங்கக் கூடாது என்கிறது. பள்ளி நாட்களில் 3 மணி நேரத்துக்கு மேல் வேலை கொடுக்கவும் கூடாது. நீச்சல் அணிகள் விடியற்காலை ஐந்தரை, ஆறு மணிக்கே தண்ணீரில் இறங்கும் பழக்கம் உள்ளவை. ஆக, 15 வயதுக்காரர்களை எத்தனை பேர் சேர்த்தாலும் அந்த நேரத்துக்கு உதவாது.

உண்மையான சிக்கல் எங்கே?

இங்கதான் விஷயமே இருக்கு. லைஃப் கார்டு தேர்வில் எளிதாகத் தேறுபவர்கள் யார்? சின்ன வயதில் நீச்சல் அணியில் இருந்தவர்கள். காவலுக்கு ஆள் இல்லாமல் அணியின் பயிற்சி நின்றால், சில ஆண்டுகள் கழித்துக் காவலுக்கு வரவேண்டிய ஆளும் குறைகிறார். இன்றைய பற்றாக்குறை அடுத்த பற்றாக்குறையை உருவாக்குகிறது. சம்பள உயர்வு இந்த வட்டத்தின் ஒரு முனையை மட்டும்தான் தொடும்.

இதில் அதிகம் இழப்பது, பொதுக் குளத்தை விட்டால் வேறு வழியில்லாத குடும்பங்கள். பெற்றோருக்கு நீச்சல் தெரியாவிட்டால் பிள்ளை நீச்சல் கற்கும் வாய்ப்பு 19 சதவீதம்தான் என்கிறது யுஎஸ்ஏ ஸ்விம்மிங் அறக்கட்டளை. அதன் ஆய்வில், கறுப்பினச் சிறுவர்களில் 64 சதவீதம் பேருக்கு நீச்சல் கொஞ்சம்தான் தெரியும், அல்லது தெரியவே தெரியாது. கொரோனாவுக்கு முந்தைய 2019-ஐ விட, 2020 முதல் 2022 வரை ஆண்டுக்குச் சுமார் 500 பேர் கூடுதலாக நீரில் மூழ்கி இறந்ததாக அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. இதற்குக் குளங்களில் ஆள் இல்லாததுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் நீச்சல் கற்கும் இடங்கள் சுருங்கிய ஆண்டுகளும் அவைதான்.

பொதுக் குளம் என்ன செய்யும் என்பதற்கும் பிலடெல்பியாவிலேயே சாட்சி உண்டு. 1971-ல் ஜிம் எல்லிஸ் அங்கே நகராட்சிக் குளத்தில் கறுப்பினச் சிறுவர்களைக் கொண்டு ஓர் அணியைத் தொடங்கினார். அதிலிருந்து சிலர் ஒலிம்பிக் தகுதிப் போட்டி வரை போனார்கள். 2007-ல் 'பிரைட்' என்ற படமாகவும் அந்தக் கதை வந்தது.

இப்போது என்ன செய்கிறார்கள்?

நியூயார்க் 2022-ல் மணிக்குச் சுமார் 16 டாலராக இருந்த தொடக்கச் சம்பளத்தை 19 டாலருக்கு மேல் உயர்த்தியது. பீனிக்ஸ் ஊக்கத்தொகை கொடுத்தது. பல நகரங்கள் பயிற்சிக் கட்டணத்தைத் தாங்களே ஏற்கின்றன. ஓய்வு பெற்றவர்களையும் வேலைக்கு அழைக்கிறார்கள். இதெல்லாம் பலன் தந்து, அடுத்தடுத்த ஆண்டுகளில் பல ஊர்களில் கூடுதல் குளங்கள் திறந்தன. சில நகரங்கள் அணியில் இருக்கும் 14, 15 வயதுப் பிள்ளைகளையே குளிர்காலத்தில் பயிற்சிக்கு அனுப்பி, கோடையில் வேலை தருகின்றன. வட்டத்தின் இன்னொரு முனையைத் தொடும் முயற்சி என்றால் இதுதான். ஆனால் பலன் தெரிய நாளாகும். 2020-ல் குளங்கள் மூடப்பட்டபோது நீச்சல் வகுப்பில் சேர வேண்டிய 8 வயதுச் சிறுவன், லைஃப் கார்டு வேலைக்கான 15 வயதைத் தொடுவது 2027-ல்தான்.