பனிக்காலமும் கொங்கிறீற்றுத் தளமும்

கருங்கல்லைப் பிளப்பதற்கு உளியும் சம்மட்டியும் வேண்டும் என்பது கல்லுடைப்போர் அறிந்த செய்தி. குளிர்நாடுகளிலே அவ்வேலையை வெறுந் தண்ணீரே செய்துவிடுகின்றது. கல்லின் வெடிப்பிற் புகுந்த நீர் இராக்குளிரில் உறைகின்றது, உறையும்போது பருக்கின்றது, அது பருக்க, கல் பிளக்கின்றது. பெருமலைகளை மண்ணாக்குகின்ற இத்தொழிலையே, கனடா நாட்டு வீடுகளின் முன்னே மோட்டார் வண்டி நிறுத்துவதற்கென இடப்பட்ட கொங்கிறீற்றுத் தளங்களிலும், பின்புறத்தே மாலைவேளையிற் காற்றாட அமர்வதற்கென இடப்பட்ட முற்றத் தளங்களிலும் உறைபனி ஆண்டுதோறும் செய்து வருகின்றது.

1983 ஆம் ஆண்டின் பின்னர் இலங்கையிலிருந்து பெருந்தொகையினராகச் சென்று, றொறன்ரோ மாநகரிலும் அதனை அடுத்துள்ள மார்க்கம், ஏஜாக்ஸ் முதலிய நகரங்களிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு இஃது ஏட்டுச் செய்தியன்று. யாழ்ப்பாணத்திலே நன்றாக இட்ட ஒரு சீமெந்து முற்றத்தில் தந்தை நெற்காயவிட்டால், அவருடைய பேரனும் அதிலேயே காயவிடலாம். அங்கேயோ புதிதாக இட்ட தளம், முதலாவது பனிக்காலம் கழிந்து பங்குனி, சித்திரையிற் பனி உருகியதும், மேற்றோல் உரிந்து, உள்ளிருக்கும் சல்லிக்கல் பல்லைக் காட்டிக்கொண்டு கிடப்பதுண்டு. கடன்பட்டுக் கட்டிய வீடு. அதன் வாயிலிலேயே இக்கோலம். வீட்டுக்காரர் யாரை நோவது? சீமெந்தையா, வேலைசெய்தவரையா, பனியையா, தாமே தம் கையாற் றூவிய உப்பையா? கடைக்குச் சென்றால், அங்கே ‘சீலர்’ என்னும் காப்புப் பூச்சு ஒன்றைப் பேணியோடு எடுத்து நீட்டுவார்கள். அப்பூச்சு செய்யக்கூடியது யாது, செய்யமுடியாதது யாது என்பதை அறியவேண்டுமாயின், முதற்கண் கொங்கிறீற்றின் உள்ளே சிறிது புகுந்து பார்த்தல் வேண்டும்.

பாறைபோலத் தோன்றும் கொங்கிறீற்று உண்மையில் ஒரு கடற்பஞ்சு. சீமெந்து இறுகுவது காய்வதனால் அன்று. நீரோடு இரசாயன முறையிற் சேர்வதனாலேயே அஃது இறுகுகின்றது. அச்சேர்க்கைக்குச் சீமெந்தின் நிறையில் ஏறத்தாழ நாலிலொரு பங்கு நீர் போதும். ஆனால் அவ்வளவு நீரோடு குழைத்தால் கலவை கையாள முடியாத கட்டியாய்க் கிடக்கும். ஆகவே, பரப்பி மட்டஞ் செய்வதற்கு இலகுவாக இருக்கும்பொருட்டு, அதனிலும் மிகுதியான நீரையே எவரும் விடுவர். சேர்க்கைக்கு உதவாத இந்த மிகைநீர் பின்னர் மெல்ல மெல்ல வெளியேறுகின்றது. அது குடியிருந்த இடங்கள் மயிரினும் நுண்ணிய துளைகளாக எஞ்சிவிடுகின்றன. மழைநீரும் உருகிய பனிநீரும் இத்துளைகள் வழியாக, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, உள்ளே ஊறுகின்றன.

நீர் பனிக்கட்டியாகும்போது அதன் கனவளவு நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்பது பங்கு கூடுகின்றது. வாய்வரை நீர் நிரப்பி இறுக மூடிய போத்தல் உறைபெட்டியில் வெடிப்பது இதனாலேயே. அப்போத்தலில் சிறிது இடம் விட்டு வைத்தால் வெடியாது. கொங்கிறீற்றின் செய்தியும் அதுவே. துளைகளிற் பத்திலொரு பங்கேனும் வெறுமையாக இருந்தால், பருக்கும் பனிக்கட்டிக்கு ஒதுங்க இடமுண்டு. துளைகள் ஏறத்தாழ முற்றாக நிரம்பி நிற்கும் வேளையிற் குளிர் வந்துற்றாற்றான் கேடு. எனவே, குளிர் மட்டும் தளத்தைக் கெடுப்பதில்லை. ஈரம் மட்டும் கெடுப்பதுமில்லை. ஈரம் நிறைந்த தளத்தைக் குளிர் பிடிப்பதே கெடுக்கின்றது. குளிரைத் தடுக்க மனிதனால் இயலாது. ஈரத்தைத் தடுக்க ஒருவாறு இயலும். காப்புப் பூச்சின் நியாயம் முழுவதும் இந்த ஒரு செய்தியிலே தங்கியிருக்கின்றது.

உறையும் நீர் எவ்வாறு இத்துணை வலிய பொருளை உடைக்கின்றது என்பதை விளக்க முற்பட்டவர்களுள் முதன்மையானவர், அமெரிக்காவின் போட்லண்ட் சீமெந்துச் சங்கத்தைச் சேர்ந்த பவர்சு என்பவர். 1945 ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட கருத்தின்படி, ஒரு துளையில் நீர் உறைந்து பருக்கும்போது, இன்னும் உறையாத நீர் பக்கத்திலுள்ள நுண்டுளைகளினூடாக நெருக்கித் தள்ளப்படுகின்றது. வழி குறுகியதாகவும் நீண்டதாகவும் இருப்பின் அமுக்கம் ஏறுகின்றது; சீமெந்துப் பசையின் இழுவிசை தாங்காத நிலையில் அது வெடிக்கின்றது. பின்னர் 1953 ஆம் ஆண்டளவில் அவரும் அவருடன் ஆராய்ந்தோரும், தள்ளப்படுதல் மட்டுமன்றி, உறைந்த கட்டியானது சூழவுள்ள நீரைத் தன்பால் இழுத்து வளர்தலும் உண்டெனக் கண்டு அக்கருத்தைத் திருத்தினர்.

ஒருமுறை உறைவதனாற் பெருங்கேடு விளைவதில்லை. உறைதலும் உருகுதலும் மாறி மாறி நிகழ்வதே கேடு. உருகும் ஒவ்வொரு முறையும் புதுநீர் உள்ளே புகுந்து, முன்னைய வெடிப்பை நிரப்பி, அடுத்த உறைவுக்கு ஆயத்தமாகின்றது. ஆதலின், நடுக்குளிர்காலத்திற் பல கிழமைகள் உருகாமலே உறைந்து கிடக்கும் வினிப்பெக் நகரைக் காட்டிலும், பகலில் உருகி இரவில் உறையும் றொறன்ரோவே தளங்களுக்குப் பொல்லாத இடமெனலாம். நுவரெலியாவிலும் தை, மாசி மாதங்களிற் சில விடியற்காலைகளில் புற்றரையில் வெண்பனி பூத்துக் கிடப்பதைக் கண்டோர் உளர். ஆனால் அது புல்லின் நுனியோடு நின்றுவிடுவது. வெயில் ஏற மறைவது. தளத்தின் உள்ளே இறங்கி உறையும் அளவிற்கு அது நிலைப்பதில்லை.

இனி உப்பின் கதை. கறியுப்பின் இனமாகிய பாறையுப்பை வழுக்கும் பனிக்கட்டியின்மேற் றூவினால் அஃது உருகுகின்றது. நடப்போர் விழாமலிருக்க இவ்வுதவி பெரிது. ஆயினும், உருகிய உப்புநீர் தளத்தின் மேற்பரப்பிலேயே ஊறி, அப்பரப்பை வெறுநீரிலும் மிகுதியாக நனைத்து வைக்கின்றது. பனி மேலும் உருக, உப்பு ஐதாகி, இரவில் அதே நீர் மீண்டும் உறைகின்றது. ஆய்வுகூடங்களிற் கண்ட ஒரு வியப்பான செய்தி யாதெனில், மேற்றோல் உரிவது மிகுந்த உப்பினால் அன்று. நூற்றுக்கு மூன்று பங்கு போன்ற சிறிதளவு உப்புள்ள நீரினாலேயே அது மிகுதியாக நிகழ்கின்றது. ‘நான் கொஞ்ச உப்புத்தானே போட்டேன்’ என்று சொல்லும் வீட்டுக்காரருக்கு இச்செய்தி உவப்பாயிராது. தாம் உப்பே தொடாதவரும் தப்பவியலாது. வீதியில் நகரசபை தூவிய உப்பு, வண்டியின் சில்லுகளிலும் அடிப்பகுதியிலும் சேறோடு ஒட்டிக்கொண்டு வீடுவந்து, வண்டி நிற்கும் இடத்திலே சொட்டுகின்றது. சில தளங்களில் வண்டி நிற்கும் இடம் மட்டும் உரிந்திருப்பதன் காரணம் இதுவே.

காப்புப் பூச்சைப் பற்றிப் பேசுமுன் இன்னொன்றைச் சொல்லுதல் முறை. உறைபனிக்கு எதிரான முதன்மையான காப்பு, பூச்சில் இல்லை, கலவையிலேயே இருக்கின்றது. அது தற்செயலாகக் கிடைத்த அறிவு. 1930 களில் அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்திற் சில கொங்கிறீற்று வீதிகள் ஏனையவை உரிந்துபோகத் தாம் மட்டும் உரியாது நின்றன. ஆராய்ந்தபோது, அவற்றிற் பயன்பட்ட சீமெந்தை அரைக்கும்போது மாட்டுக்கொழுப்புப் போன்ற பொருள் சிறிது சேர்ந்திருந்தமை தெரியவந்தது. கொழுப்பு, சவர்க்காரம்போல் நுரைத்து, கலவை முழுவதும் கண்ணுக்குப் புலனாகாத காற்றுக்குமிழிகளைப் பரப்பியிருந்தது. அக்குமிழிகள் உறையும் நீருக்கு ஒதுங்கிடங்களாயின. அன்றுமுதல் குளிர்நாடுகளில் வெளித்தளக் கலவைகளிற் காற்றை வேண்டுமென்றே புகுத்தி வருகின்றனர். வீட்டு வண்டித்தளம் போன்று உப்பும் உறைபனியும் படும் இடங்களுக்குக் கனடாவின் நியமம் கேட்பது, நூற்றுக்கு 5 முதல் 8 வரையான காற்று, சீமெந்தின் நிறையில் 0.45 பங்குக்கு மேற்படாத நீர், 32 மெகாபாஸ்கல் வலிமை என்பனவாகும்.

இவற்றைக் கேட்டு வாங்கிய பின்னும் தளத்தைக் கெடுக்க வழியுண்டு. பரப்பிய கொங்கிறீற்றில் நீர் மேலே கசிந்து நிற்கும்போதே கரண்டியிட்டுத் தேய்த்தாலும், தேய்ப்பது இலகுவாகவேண்டுமென்று மேலே தண்ணீர் தெளித்தாலும், மேற்படையில் நீர் மிகுந்து, காற்றுக் குறைந்து, அப்படை பலமற்றுப் போகின்றது. முதலில் உரிவதும் அப்படையே. ஒரு கிழமையேனும் ஈரங்காயாது மூடிவைத்துப் பதப்படுத்தாத தளமும் அவ்வாறே. இத்தகைய தளத்தின்மேல் எத்துணை உயர்ந்த பூச்சைப் பூசினும், அது நோயை மறைக்குமேயன்றித் தீர்க்காது.

நன்றாக இட்ட தளத்திற்குப் பூச்சு எவ்வாறு உதவுகின்றது? பூச்சுக்கள் இருவகை. ஒருவகை தளத்தின்மேற் படலமாகப் படிவன. அக்கிரிலிக்கு, பொலியூரிதேன் முதலியன இவ்வினத்தவை. நிறத்தை எடுத்துக்காட்டிப் பளபளக்கச் செய்வதால் இவற்றை விரும்புவோர் பலர். ஆனால் வெயிலாலும் சில்லுகளின் உராய்வாலும் படலம் தேய்ந்துவிடும். உள்ளே ஈரமிருக்கப் பூசினால் வெளிறிக் கொப்புளிக்கும். ஈரம் பட்டால் வழுக்கவுஞ் செய்யும். உள்ளிருக்கும் ஆவி வெளியேற வழியின்றி அடைபட்டால், ஈரத்தைத் தடுக்க வந்த பூச்சே ஈரத்தைச் சிறைவைத்ததாய் முடியும்.

மற்றையவகை உள்ளே ஊறுவன. சைலேன், சைலொட்சேன் எனப்படும் சிலிக்கன் சேர்வைகள் இவை. இவை துளைகளை அடைப்பதில்லை. துளைகளின் சுவரிலே பற்றிக்கொண்டு, நீரை வெறுக்கும் முனையை வெளியே நீட்டி நிற்கின்றன. தாமரையிலையிலும் சேம்பிலையிலும் நீர் ஒட்டாது உருண்டோடுவதுபோல, அச்சுவரில் நீர் ஒட்டாது நிற்கும். ஆவியோ தடையின்றி வெளியேறும். தளத்தின் தோற்றமும் பெரிதும் மாறாது. பணங்கொடுத்தும் கண்ணுக்கு ஒன்றுந் தெரியவில்லையே என்று குறைப்படுவோர் உளராயினும், உறைபனிக்கு இவ்வகையே பொருந்தியது. இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். சோடியஞ் சிலிக்கேற்று, இலிதியஞ் சிலிக்கேற்று என்பனவும் அதே அடுக்கில், அதே பெயர்ச்சாயலோடு விற்கப்படுகின்றன. அவை தளத்தின் மேற்பரப்பைக் கடினமாக்குவன. நீரை விலக்குவன அல்ல. பேணியின் மேலுள்ள பெரிய எழுத்தை விட்டுச் சிறிய எழுத்தைப் படிப்பதே புத்தி. இவ்விரசாயனங்கள் பரவுமுன், அமெரிக்க நெடுஞ்சாலைகளிலே காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயைக் கனிய மதுசாரம் எனப்படும் பெற்றோலிய வடியோடு கலந்து பூசிய காலமும் இருந்தது. தளம் கறுத்தாலும் அது பயன் தந்தது.

பூசும் முறையிற் பெருவித்தை ஒன்றுமில்லை, பொறுமையே வேண்டும். புதுத்தளமாயின் 28 நாள் கழிதல் வேண்டும். எண்ணெய்க் கறையையும் மண்ணையும் கழுவி, ஒருநாளேனும் நன்கு உலரவிட்டு, சதமவளவை 10 பாகைக்கு மேற்பட்ட வெப்பமுள்ள, மழையில்லா நாளொன்றிற் பூசுவர். உருளைத் தூரிகையோ தெளிகருவியோ போதும். தேங்கி நிற்பதைத் துடைத்துவிடல் வேண்டும். இவை யாவும் கூடிவரும் காலம் ஆவணி, புரட்டாதி. ஐப்பசி முடிவில் தளத்தை இட்டுவிட்டுப் பூச்சையும் அவசரமாகப் பூசுவோர், இறுகுவதற்கும் உலர்வதற்கும் நாளில்லாத ஒரு தளத்தைப் பனியின் கையில் ஒப்படைக்கின்றனர். அத்தகைய தளத்தை அடுத்த இளவேனில்வரை இடாதிருப்பதே மேல். றொறன்ரோ வீடுகள் பலவற்றின் முன்னே இருப்பது கொங்கிறீற்றன்று, கரிய அசுபால்ற்று என்பதையும் மறத்தலாகாது. அதற்குரிய கரும்பூச்சு வேறு. வீடுவீடாக வந்து கதவைத் தட்டி, இரண்டுக்கும் ஒன்றே போதும் என்போரின் பேச்சை நம்புதல் தகாது.

பூச்சினால் ஆகாதவையும் உள. தளத்தின் கீழுள்ள மண் உறைந்து பருத்துத் தளத்தையே தூக்குவதைப் பூச்சுத் தடுக்காது. அது கீழே இட்ட சல்லிப் படுக்கையையும் நீர்வடிதலையும் பொறுத்தது. வீட்டிலிருந்து விலகி, ஓரடிக்குக் கால் அங்குலம் வீதம் சாய்வில்லாத தளத்தில் நீர் தேங்கியே தீரும். கூரைப் பீலியின் குழாய் தளத்தின்மேலேயே கொட்டுமாயின், பூச்சுக்குச் செலவிடுமுன் குழாயைத் திருப்பிவிடுவது மலிவு.

முதலாவது பனிக்காலத்திற் புதுத்தளத்தின்மேல் உப்புத் தூவாதிருத்தல் எல்லோரும் ஒப்பிய விதி. வீட்டில் முதியோர் இருப்பின் இவ்விதி நெஞ்சை உறுத்தும். தளத்தைக் காப்பதற்காக, தாய் வழுக்கி இடுப்பெலும்பு முறிவதை யார் விரும்புவர்? வழி உண்டு. பனி விழுந்த உடனே, மிதிபட்டு இறுகுமுன் வாரிக் கொட்டிவிட்டால் உப்புக்கு வேலை குறைவு. எஞ்சிய வழுக்கலுக்கு மணல் தூவினால் காலுக்குப் பிடிப்புக் கிடைக்கும். மணல் உருக்காது, ஆயினும் உரிக்காது. பாறையுப்புங்கூடப் பூச்சியத்தின் கீழ் 9 பாகையளவிற்கு மேற் குளிர் கடுத்தால் உருக்குந் திறனை இழந்துவிடும் என்பதால், கடுங்குளிர் நாளில் அதை அள்ளிக் கொட்டுவது வீண். தோட்டத்திற்கு வாங்கிய அமோனியம் நைத்திரேற்று, அமோனியஞ் சல்பேற்று ஆகிய உரங்களை உருக்குவதற்கென எடுத்தல் ஒருபோதுங் கூடாது; அவை சீமெந்தையே இரசாயன முறையில் அரிப்பன.

பூசிய பூச்சு எத்தனை ஆண்டு நிற்கும் என்பது அதன் வகையையும், வண்டிகளின் ஓட்டத்தையும், வெயிலையும் பொறுத்தது. படலப் பூச்சுக்கள் ஓரிரண்டு ஆண்டுகளிலேயே புதுப்பிக்க வேண்டியனவாகலாம். ஊறும் பூச்சுக்கள் பல ஆண்டு நிற்கும். நாட்காட்டியைப் பார்ப்பதிலும் தளத்தையே கேட்பது நன்று. இளவேனிலில் உப்பையும் மணலையும் குழாய்நீராற் கழுவிவிட்டு, தளம் நன்கு உலர்ந்தபின், வண்டி நிற்கும் இடத்திலும் நடைபாதையிலும் ஒரு குவளை நீரைச் சிந்திப் பார்ப்பர். நீர் மணிமணியாய்த் திரண்டு நின்றால் பூச்சு உயிரோடிருக்கின்றது. தளம் கறுத்து நீரைக் குடித்துவிட்டால், ஆவணி வருமுன் இன்னொரு பேணி வாங்கவேண்டியதுதான்.